சாப்பாட்டு வரிசையும் சான்றிதழ் வரிசையும்: காரைக்குடி பக்கம் படிக்க வருகிறவர்களுக்கு

கேள்வி, ஜூன் 26
தர்மபுரியிலிருந்து காரைக்குடிக்கு எம்.எஸ்சி. படிக்க வருகிறேன். வளாகத்தில் கீழே கேன்டீன், மேலே மாணவர் சேவைப் பிரிவு, பக்கத்திலேயே வங்கி, ஜெராக்ஸ் என்று எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்குமாம். சாப்பிடப் போகும்போதே மற்ற வேலைகளையும் முடித்துவிடலாம், வசதிதானே அக்கா? அப்புறம், செட்டிநாட்டில் இருந்தால் மூன்று வேளையும் செட்டிநாட்டுச் சாப்பாடு என்று நண்பர்கள் பொறாமைப்படுகிறார்கள். உண்மையா?

ஜூன் 26, இரவு
வசதி இல்லை தம்பி. செட்டிநாட்டுச் சாப்பாடும் இல்லை. ஆனாலும் வாருங்கள்.

கட்டடம் ஒன்றுதான். நேரமும் ஒன்றாகப் போனதில்தான் வினை. வகுப்பு ஒரு மணிக்கு விடும். கேன்டீனில் வரிசை தொடங்குவதும் அப்போதுதான். மாடியில் கவுண்டரைச் சாத்துவதும் அதே ஒரு மணிக்கு. இரண்டு மணிக்கு அவர்கள் திறக்கும்போது நீங்கள் ஆய்வகத்தில் பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். பன்னிரண்டே முக்காலுக்கு நைசாக வகுப்பிலிருந்து நழுவி மேலே போகலாம்தான். முடித்துவிட்டுக் கீழே இறங்கினால் பொரியல் தீர்ந்து, ரசம் பாத்திரத்தின் அடியில் கிடக்கும்.

நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கம் கல்லூரிகளும் விடுதிகளும் நிறைய. தேடிப்பிடிக்க வேண்டாம்.

ஜூன் 27
சாப்பாட்டு விஷயம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். என் அப்பத்தா, செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பலகார வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

கேன்டீனில் காலையில் இட்லி, பொங்கல், பூரி. மதியம் அளவுச் சாப்பாடு, லெமன் சாதம், தக்காளி சாதம், குஸ்கா. சாயங்காலம் டீ, வடை, முட்டை போண்டா. இது தர்மபுரியிலும் கிடைக்கும், திருநெல்வேலியிலும் கிடைக்கும். பலகையில் "செட்டிநாடு சிக்கன்" என்று எழுதியிருந்தால் சிவப்பாக, எண்ணெய் மிதக்க ஒரு குழம்பு வரும். அதைச் சென்னையில்கூடச் சாப்பிட்டிருப்பீர்கள். வீடுகளில் செய்வது அவ்வளவு காரமாக இருக்காது. கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு, மிளகு எல்லாம் அளவாக விழுந்து, நாக்கைவிட மூக்குக்குத்தான் முதலில் வேலை வைக்கும். கல்பாசி விற்கிற விலையில் எந்தக் கேன்டீன்காரர் அதை அள்ளிப் போடுவார்?

விலை மட்டும் காரணமில்லை. இந்த ஊர்ச் சமையலில் பேர்போனதெல்லாம் விசேஷ வீட்டுச் சமையல். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். அப்புறம் எண்ணெயில் ஒரு கரண்டி மாவு. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் ஊற்ற முடியும். அது எழும்பி, திரும்பி, வெளுப்பு மாறாமல் வெளியே வந்ததும் வரமிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் தொய்ந்துவிடும். ஒரு மணிக்கு முந்நூறு பேர் டோக்கனை நீட்டும் இடத்தில் இது நடக்குமா? கவுனி அரிசியும் அப்படித்தான். பர்மாவோடு இருந்த வியாபாரத் தொடர்பில் இந்த ஊர்ச் சாப்பாட்டில் கலந்த கறுப்பரிசி அது. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, நெடுநேரம் வேகவிட்டு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, நெய் சேர்த்துக் கல்யாணப் பந்தியில் வைப்பார்கள். கேன்டீன் கேஸ் சிலிண்டருக்கு அது கட்டுப்படியாகாது.

ஜூன் 27, கொஞ்ச நேரம் கழித்து
"எங்கள் கேன்டீனில் பணியாரம் உண்டு" என்று ஒருவர் கொடி பிடிக்கிறார். ஐயா, அது குழிப்பணியாரம். முந்தின நாள் மிஞ்சிய இட்லி மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டது. நன்றாகத்தான் இருக்கும், நானும் ஐந்து மணிக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது.

ஜூன் 29
மாடிக் கதை. முதுகலை மாணவருக்கு அந்தக் கவுண்டரில் என்ன வேலை இருக்கும் என்று யோசித்தேன். போனபைட் சான்று (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி எழுதித் தருவது), உதவித்தொகை விண்ணப்பம், விடுதி விண்ணப்பம், அடையாள அட்டை தொலைந்தால் மாற்று அட்டை, கடைசியில், பாக்கி எதுவும் இல்லை என்று தரும் நோ டியூஸ். இதில் போனபைட்டுக்குத்தான் கூட்டம். கல்விக்கடனுக்கு வங்கி கேட்கும், பாஸ்போர்ட்டுக்குக் கேட்பார்கள், உதவித்தொகைக்கும் கேட்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சான்றிலேயே எழுதித் தருவார்கள். கடனுக்கு வாங்கியதைப் பாஸ்போர்ட்டுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். அதனால் படிவத்தில் "நோக்கம்" என்ற இடத்தை வெறுமனே விடாதீர்கள். கடனுக்கு என்றால் எந்த வங்கி, எந்தக் கிளை என்பதையும் எழுதிவிடுங்கள். முகவரி ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரின் முன்னெழுத்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் எப்படி இருக்கிறதோ, அப்படியே.

என்னுடைய போனபைட் ஒருமுறை "மேடம் டேபிளில் இருக்கு" என்ற நிலையிலேயே கிடந்தது. மேடம் டேபிளில் இல்லை, துறைத் தலைவர் அறையில் கையெழுத்துக்குப் போன கட்டோடு இருந்தது. இந்தத் தகவலைச் சொன்னவர் கவுண்டர்காரர் இல்லை. கீழே டீ போடுகிற அண்ணன். மாடிக்கு டீ கொண்டுபோகிறவர் ஆயிற்றே, எந்த மேசையில் எந்தக் கட்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 29, இரவு
டீ போடுகிறவர்தான் உண்மையான மாணவர் சேவைப் பிரிவு என்று சிலர் கைதட்டுகிறீர்கள். வேண்டாம், நான் அதைச் சொல்ல வரவில்லை. அவருக்கு அது சம்பளமில்லாத வேலை. "என் கட்டு எங்கே அண்ணே" என்று பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால் பால் பொங்கி வழியும். படிவம் எந்த மேசையில் நிற்கிறது என்று ஒரு பலகையிலோ செல்போனிலோ காட்டினால் அவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜூலை 1
தர்மபுரித் தம்பியின் தங்கை கேட்கிறாள், அவள் பி.எஸ்சி. முதலாண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருமா என்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் வரும். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய திட்டம். பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன், அதே 1000 ரூபாய்.

ஆனால் தம்பி, நீங்கள் முதுகலை. இந்த இரண்டும் முதல் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கு. மாடியில் வரிசையில் நின்று கேட்டுவிட்டு முகம் தொங்கப்போட்டு வருகிற எம்.எஸ்சி. பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் உங்கள் ஊர் இ-சேவை மையத்திலேயே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். இங்கே வந்து, தர்மபுரி வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தேடுவது பெரிய தலைவலி.

ஜூலை 2
வங்கிக் கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை, இது நிறையப் பேரை அலைக்கழிக்கிறது. வளாகத்துக்குள்ளேயே வங்கி இருக்கிறதே என்று புதுக் கணக்கு தொடங்குவீர்கள். படிவத்தில் ஆதார் இணைப்புக்கு ஒரு கட்டம் இருக்கும், கேட்காமலே டிக் அடிப்பீர்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், நீங்கள் கடைசியாக எந்த வங்கியில் அந்த இணைப்பைக் கொடுத்தீர்களோ அங்கேதான் விழும். ஊரில் இருக்கிற பழைய கணக்கின் பாஸ்புக்கை அம்மா மாதாமாதம் பதிந்து பார்த்து, "பணமே வரலடா" என்று போன் செய்துகொண்டிருப்பார். பணம் இங்கே இருக்கும். ஒரே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எதில் இணைப்பு என்று ஆதார் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜூலை 5
விடுதி மெஸ் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. டிவைடிங் சிஸ்டம் என்றால் என்ன, ஏன் ஒவ்வொரு மாதமும் பில் மாறுகிறது?

அரிசி, மளிகை, காய்கறி, பால், கேஸ் என்று அந்த மாதம் ஆன செலவு முழுவதையும் கூட்டுவார்கள். எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டுவார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் செலவு. அதை உங்கள் நாட்களால் பெருக்கினால் உங்கள் பில். சமையல்காரர் சம்பளம், பராமரிப்பு எல்லாம் சில இடங்களில் இதற்குள்ளேயே வரும், சில இடங்களில் தனித் தலைப்பு. வெங்காயம் ஏறினால் பில் ஏறும். பாதிப் பேர் ஊருக்குப் போய், சமையல் மட்டும் முழு அளவில் நடந்தாலும் பில் ஏறும். இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார்கள், கோயில்களில் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. ஒன்பது கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவரோ, அங்கே பெயர் பதிவாகி, பொதுச் செலவில் பங்கு விழும். பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. நோட்டில் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் படிப்பார்கள் என்று அப்பத்தா சொல்வார். மெஸ் நோட்டு அப்படிப் படிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. மெஸ் கமிட்டி என்று மாணவர்கள் நான்கைந்து பேரைப் போடுவார்கள், அவர்களில் ஒருவர் மட்டும் மார்க்கெட்டுக்குப் போவார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நீங்கள் கமிட்டியில் இருந்தால் அந்த ஒருவராக இருங்கள். காலை ஐந்தரைக்கு எழ வேண்டியிருக்கும்.

ஜூலை 6
மெஸ் மெனுவில் ஒரே ஒரு உண்மையான செட்டிநாட்டுப் பதார்த்தம் சேர்க்க முடியும் என்றால் அது மண்டி. நேற்று ராத்திரி இதையே நினைத்துக்கொண்டு படுத்தேன். அரிசி களைந்த தண்ணீரில், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை எடுத்து, புளி கரைத்து, வெண்டைக்காயோ மொச்சையோ மாங்கொட்டையோ போட்டுச் செய்வது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு. மசாலாப் பொடியே வேண்டாம். எந்த விடுதியிலும் தினமும் அண்டா அண்டாவாகக் கழனித் தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது? இரண்டு நாள் வைத்தாலும் கெடாது, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

ஜூலை 6, மதியம்
எங்கள் விடுதியில் சமைத்த அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். "சின்ன வெங்காயம் யாரு உரிக்கிறது, நீ வரியா?" என்றார். சரி, அந்த யோசனையை அங்கேயே வைத்துவிடலாம்.

ஜூலை 9
மாடிக் கவுண்டரை ஒரு மணிக்குச் சாத்துவதைக் குறை சொல்லி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர், "மதியம் திறந்து வைக்கட்டும், அப்புறம் எதுக்கு மாணவர் சேவை என்று பெயர்" என்று பொங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒருநாள் நோ டியூஸ் வாங்க ஒன்றே காலுக்குப் போய், கதவு ஒருக்களித்திருந்ததால் உள்ளே எட்டிப் பார்த்தேன். கவுண்டரில் உட்காரும் அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் கோப்பைப் புரட்டிக்கொண்டே. நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம். கேன்டீனில் சாப்பாடு வாங்கிக் கட்டுப்படியாகாது என்று வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். மாடியில் உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லை. கீழே மாணவர்களோடு உட்கார்ந்தால் நாலு பேர் படிவத்தை நீட்டுவார்கள். இவரைப் போய் ஒன்றிலிருந்து இரண்டு வரை திறந்து வை என்று எந்த வாயால் கேட்பது?

ஆனால் நான் சொன்னதை முழுக்கத் திரும்பப் பெறவும் மனமில்லை. அவர் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு உட்காரலாம். அப்போது மாணவருக்கு அரை மணி கிடைக்கும். அல்லது இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சாப்பிடலாம். அங்கே இருப்பதே ஒருவர் என்றால், பிரச்சினை மதிய நேரம் இல்லை, இரண்டாவது ஆளைப் போடாததுதான். இதைக் கவுண்டரில் நின்று கத்திப் பயனில்லை. துறை வழியாக எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் பேட்ச்சில் கொடுத்தோம். நான் வெளியே வரும்வரை ஒன்றும் நடக்கவில்லை. இப்போது படிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 10
ஒருவர் கேட்டது: இந்த வறண்ட பூமியில் இவ்வளவு கல்வி நிலையங்கள் எப்படி வந்தன?

கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இங்கே வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே விட்டுக்கொடுத்தார். 1957-இல் காலமானபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. வந்தவுடன் இதையெல்லாம் மேடையில் சொல்லக் கேட்பீர்கள், கைதட்டுவீர்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த வீட்டுச் செய்திதான். வீட்டைக் கொடுத்தவர் காலத்தில் பிள்ளைகள் எங்கே சாப்பிட்டார்கள், யார் சமைத்தார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் படிக்க ஆசை.

ஜூலை 19
தர்மபுரித் தம்பி வந்து சேர்ந்துவிட்டார். முதல் நாளே பன்னிரண்டரைக்கு மாடிக்குப் போய், ஒன்றேகாலுக்குக் கீழே வந்து, பொரியல் கிடைக்காமல் ஆம்லெட் வாங்கிச் சமாளித்தாராம். விடுதி அறை கிடைத்துவிட்டது, அடையாள அட்டைக்கு இரண்டு வாரம் என்றார்களாம். அதுவரை சேர்க்கைக் கட்டண ரசீதைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நூலகத்தில் அதைக் காட்டினால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். தங்கைக்கும் சொல்லிவிடுங்கள்: 2021-இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மஞ்சள் பையோடு கடைத்தெருவுக்குப் போகவர அதுவே போதும்.

ஜூலை 28
ஆடி மாதம் என்பதால் கேட்கிறேன், யாருக்காவது இந்த வாரம் கும்மாயம் கிடைத்ததா? வறுத்த உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் கிளறி, நெய் விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கையெடுக்காமல் கிண்டுவது. ஆடியில் இந்தப் பக்கத்து வீடுகளில் செய்வார்கள். உள்ளூர்ப் பிள்ளை யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால், அவன் டிபன் பாக்ஸ் பக்கம் உட்காருங்கள். மூன்று வேளையும் செட்டிநாட்டுச் சாப்பாடு என்று நண்பர்கள் சொன்னது பொய். மாதத்தில் ஒரு நாள், வகுப்புத் தோழி வீட்டிலிருந்து, டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு உருண்டை என்றால் நம்பலாம்.

செப்டம்பர் 30
மெஸ் கட் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆய்வேட்டு வேலை கழுத்தை நெரிக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பில் குறைய வேண்டுமென்றால், போவதற்கு முன்பே எழுதிக் கொடுத்து நோட்டில் பதிய வேண்டும். வந்து சொன்னால் குறைக்க மாட்டார்கள். தொடர்ச்சியாக இத்தனை நாள் இல்லாமல் இருந்தால்தான் கழிப்போம் என்று ஒவ்வொரு விடுதியிலும் ஒரு கணக்கு உண்டு, அதை வார்டன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் விடியற்காலைப் பல்லவன் ரயிலுக்கு இப்போதே டிக்கெட் பார்த்துவிடுங்கள். அவ்வளவு சீக்கிரம் மெஸ் திறக்காது, முந்தின நாள் ராத்திரியே சப்பாத்தி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 30, பின்னிரவு
குருமாவைக் கேரி பேக்கில் கட்டாதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் கொண்டுபோங்கள்.